முதல் பத்து விளையாட்டு வகுப்புகள்

(நமது சங்கத்தின் சிறுவர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதிய பள்ளி ஆண்டைப்பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். புத்தகம், சீருடை, கட்டணம், டியூஷன் ஆகியவற்றைப்பற்றி நம் காலனியில் பேசாத வீடு இல்லை. ஆதலால் ஒரு வீட்டிலும் பேசப்படாத ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையில் படிக்கும் நம் குழந்தைகளுக்கு, கால அட்டவணையில் ‘பி.டி.’ என்று இரண்டே எழுத்தில் குறிக்கப்பெறும் உடற்பயிற்சி வகுப்பு, ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வாறு தொடங்க வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் கல்வித்துறை அறிஞன் அல்லன். சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். மூன்று கோடைகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் நம் குழந்தைகளை ஓடியாட வைத்ததில் கண்டவற்றையும், அதன் பொருட்டுத் தேடிப் படித்தவற்றையுமே இங்குச் சொல்லப்போகிறேன்.

நாம் வாழும் இந்த நாகபுரியில் பள்ளி ஆண்டு இரண்டு முறை பிறக்கிறது என்று சொன்னால் தவறாகாது. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே வகுப்புத் தொடங்கி, சில வாரங்களில் கோடை விடுமுறை வந்துவிடுகிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளோ சூன் மாதத்தில் திறக்கின்றன. அதிலும் விதர்ப்பப் பகுதியின் வெயிற் கொடுமையைக் கருதி, மகாராட்டிரத்தின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் சில நாள் பிந்தித் திறப்பது வழக்கம். எந்தப் பள்ளியாயினும் உண்மையான தொடக்கம் கோடை கழிந்த பின்னரே. மே மாதத்தில் 45 பாகைக்கு மேல் காயும் ஊரில், குழந்தைகள் குளிரூட்டிப் பெட்டிக்கு முன்னால், கையில் கைப்பேசியுடன், இரண்டு மாதம் அடைபட்டுக் கிடந்துவிட்டு வருகிறார்கள். கால்கள் ஓட்டத்தை மறந்திருக்கின்றன. பள்ளி திறக்கவும் மழை இறங்கவும் சரியாக இருக்கிறது. இவ்வூர் மண் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இதனை நன்கறிவார்கள். ஒரு மழை பெய்தால் மூன்று நாள் கால் வைக்க முடியாது. வைத்தால் செருப்பு மண்ணில் நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். ஆகவே சூலை முழுவதும் ‘மைதானம் ஈரமாக இருக்கிறது’ என்று வகுப்பறையிலேயே அமர வைத்துவிடுகிறார்கள். கணித ஆசிரியர் அந்த நேரத்தைக் கடன் கேட்கிறார். இந்தக் கடன் திருப்பித் தரப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடன் கொடுப்பவர் உடற்பயிற்சி ஆசிரியர் என்றாலும், கடனுக்குப் பிணை நிற்பவர்கள் பெற்றோர்களாகிய நாம்தாம். ‘பாடம் முடியவில்லை, விளையாட்டு நேரத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்பவர் பெரும்பாலும் நம்மவராகவே இருக்கிறார். பாரதியாரின் பாப்பாப் பாட்டை ஆண்டுதோறும் நம் மேடையில் குழந்தைகளைக் கொண்டு பாடுவிக்கிறோம். அதன் முதல் ஏவலே விளையாட்டைப்பற்றியது. அதனையும் கைகட்டி, நின்ற இடத்தில் அசையாது நின்று பாடுமாறு பயிற்றுகிறோம்!

வாரத்திற்கு இரண்டு வகுப்பு என்று கொண்டால், பள்ளி திறந்த முதல் ஐந்து வாரத்தில் பத்து வகுப்புகள் வருகின்றன. இந்தப் பத்து வகுப்புகளுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் தன்னைப்பற்றி ஒரு தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது என்பதே நான் கண்டறிந்த செய்தி. ‘நான் ஆடுகிறவன்’ அல்லது ‘நான் பார்க்கிறவன்’ என்ற இரண்டில் ஒன்றே அந்தத் தீர்ப்பு. ஆறு ஏழு வயதில் எழுதப்படும் இதனைப் பின்னர் அழிப்பது எளிதன்று.

ஒரு பள்ளியின் வேலிக்கு வெளியே நின்று நான் கண்டதைச் சொல்கிறேன். அந்தப் பள்ளியின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. எந்தப் பள்ளியிலும் இது நிகழக்கூடியதே. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் மைதானத்திற்கு வந்தார்கள். ஒரு பந்து கொடுக்கப்பட்டது. கெட்டிக்காரப் பையன்கள் இருவர் தலைவர்களாகி, ஆளுக்கொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள். அழைக்கப்பட்டவர்கள் துள்ளிக்கொண்டு போனார்கள். எஞ்சி நின்றவர்களின் வரிசை குறையக் குறைய, நின்றவர்களின் தலையும் குனிந்துகொண்டே வந்தது. கடைசியில் மூன்று பேர் நின்றார்கள். ஒரு பருத்த பையன். கண்ணாடி அணிந்த ஒரு பையன். ஒரு சிறு பெண். ‘இவர்களை நீயே வைத்துக்கொள்’ என்று தலைவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டார்கள். அந்தப் பெண் தானாகவே சுவரோரம் சென்று, மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவலாக அமர்ந்துகொண்டாள். அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும் அந்த வழியே சென்றேன். அவளை யாரும் அமரச் சொல்லவில்லை. புட்டிக் காவல் அவளுக்கு வேலையாகவே ஆகிவிட்டிருந்தது. ஐந்தாம் வகுப்பில் அவள் தாயார், ‘எங்கள் பெண்ணுக்கு விளையாட்டில் விருப்பமே இல்லை’ என்று சொன்னால், அதனை அவளுடைய இயல்பு என்று நம்பிவிடுவோம் அல்லவா?

தலைவர்கள் பெயர் சொல்லி ஆள் எடுக்கும் வழக்கத்தைத் தொடக்க வகுப்புகளில் அறவே ஒழிக்க வேண்டும் என்பது என் துணிபு. அணி பிரிக்க எத்தனையோ வழிகள் உள்ளன. வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணச் சொல்லி, ஒன்றுகள் ஒரு பக்கம், இரண்டுகள் ஒரு பக்கம் என்று பிரிக்கலாம். பிறந்த மாதத்தைக்கொண்டு பிரிக்கலாம். வண்ணத் துணித் துண்டுகளை ஒரு பையில் இட்டு எடுக்கச் சொல்லலாம். இவற்றுக்கு அரை நிமிடத்திற்கு மேல் ஆகாது. ஒருவரும் கடைசியாக நிற்பதும் இல்லை.

இனிப் பந்துக் கணக்குக்கு வருகிறேன். கணக்கு என் தொழிலாதலால் இதில் சற்று நீட்டிப் பேசினால் பொறுத்தருள வேண்டும்.

ஒரு வகுப்பு 35 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறையிலிருந்து வரிசையாக வெளியே வர 5 நிமிடம். நிற்க வைத்து, அமைதிப்படுத்தி, வருகை பார்க்க 5 நிமிடம். திரும்பிச் செல்ல 5 நிமிடம். எஞ்சியது 20 நிமிடம். குழந்தைகள் 40 பேர், பந்து ஒன்று. பந்து ஓயாமல் கை மாறினாலும் ஒரு குழந்தைக்கு அரை நிமிடந்தான் கிடைக்கும். அதிலும் கெட்டிக்காரர் ஐவர் பதினைந்து நிமிடத்தைத் தமதாக்கிக்கொண்டால், மற்ற முப்பத்தைவருக்கும் சேர்த்து ஐந்தே நிமிடம் மிச்சம். கிரிக்கெட்டானால் இன்னும் மோசம். ஒருவன் அடிக்கிறான், ஒருவன் எறிகிறான், ஏனையோர் வெயிலில் நிற்கிறார்கள். பெரியவர்களின் ஆட்டத்தை அப்படியே சிறுவர்களிடம் ஒப்படைப்பதன் விளைவு இது.

அதே 20 நிமிடத்தில் 20 பந்துகள் இருந்தால்? இருவருக்கு ஒரு பந்து. ஒவ்வொரு குழந்தையும் பத்து நிமிடம் எறிகிறது, பத்து நிமிடம் பிடிக்கிறது. ஒருவரும் வெறுமனே நிற்பதில்லை. அரை நிமிடம் எங்கே, இருபது நிமிடம் எங்கே! இருபது பந்துக்குப் பணம் ஏது என்று கேட்பீர்கள். பழைய காலுறையில் கந்தல் துணியைத் திணித்து வாயைத் தைத்தால் ஒரு பந்து. பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, இரப்பர் வளையம் நான்கு போட்டால் இன்னொரு பந்து. ஆறு வயதுக் குழந்தைக்கு இப்பந்துகளே உகந்தவையுமாகும். கெட்டிப் பந்து முகத்தை நோக்கி வரும்போது குழந்தை கண்ணை மூடிக்கொள்கிறது. கண்ணை மூடிய குழந்தை பந்தைப் பிடிப்பது எப்படி? துணிப்பந்து பட்டால் வலிப்பதில்லை, ஆகவே கண் திறந்திருக்கிறது, கை கற்றுக்கொள்கிறது. சனிக்கிழமைகளில் இதனை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மே மாதத் தொடக்கத்தில் பந்தைக் கண்டு முதுகைத் திருப்பிக்கொண்ட குழந்தைகள், நான்கு வாரத்தில் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வகுப்புகளில் பந்தே வேண்டியதில்லை என்றுகூடச் சொல்வேன். அந்த இரண்டிலும் குழந்தைகள் கற்க வேண்டியவை வேறு. தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஆளுக்கொரு வட்டம் போட்டு, ‘இது உன் வீடு’ என்று காட்ட வேண்டும். வீட்டை விட்டு வெளியே ஓடலாம். எவர் மீதும் மோதக்கூடாது. விசில் ஊதியதும் சிலைபோல் நிற்க வேண்டும். இரண்டு முறை ஊதினால் வீடு திரும்ப வேண்டும். இது ஓர் ஆட்டமாகவே ஆடப்பெறும். எத்தனை எண்ணுவதற்குள் அனைவரும் நின்றுவிடுகிறார்கள் என்று எண்ணிக்காட்டினால், அடுத்த முறை அதைவிட விரைவில் நிற்பார்கள். நம்மவர்க்குப் புரியும்படி சொல்வதானால், கைகாட்டி சிவப்பாக இருக்கும்போது வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இருப்புப்பாதை முழுவதும் இயங்குகிறது. விசிலுக்கு நிற்கத் தெரிந்த வகுப்பில் ஆசிரியர் கத்த வேண்டியதில்லை. நாற்பது குழந்தைகளை ஒரு நிமிடத்தில் அமைதிப்படுத்த முடிந்தால், முன் சொன்ன கணக்கில் வீணாகிய நிமிடங்கள் ஆண்டு முழுவதும் திரும்பக் கிடைக்கின்றன. சூனில் இதற்குச் செலவிடாத ஆசிரியர் மார்ச்சு வரையில் தொண்டை வற்றக் கத்துகிறார்.

அடுத்து வரும் வகுப்புகளில் ஓடுதல், தாவுதல், நொண்டுதல், பக்கவாட்டில் துள்ளிச் செல்லுதல், ஒற்றைக்காலில் நிற்றல், குனிந்து வளைதல் ஆகிய அடிப்படை அசைவுகள் வர வேண்டும். எந்த ஆட்டத்துக்கும் இவையே அரிச்சுவடி. அரிச்சுவடி தெரியாதவனிடம் கம்பராமாயணத்தைக் கொடுப்பார் உண்டோ? ஆனால் உடலைப் பொறுத்தவரையில் அதைத்தான் செய்கிறோம். என்னிடம் ஒரு நண்பர் வந்து, ‘பையனுக்கு ஏழு வயது, இரயில்வேயில் எந்த விளையாட்டுக்குக் கோட்டா அதிகம், அதிலேயே இப்போதே சேர்த்துவிடுகிறேன்’ என்று கேட்டார். அவரைக் குறை கூறமாட்டேன். விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து ஆதரிப்பதில் இரயில்வேக்கு இந்நாட்டில் பெரும் பெயர் உண்டு. நம் குடும்பங்களுக்கு அந்த நினைப்பு வருவது இயல்பு. ஆயினும் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தேவையானது ஒற்றைக்காலில் தடுமாறாமல் நிற்பதும், ஓடிவந்து மோதாமல் திரும்புவதுமே. கோட்டாவைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அரிச்சுவடியைக் கற்பிக்க வெளிநாட்டு நூல்கள் தேவையில்லை. நம் ஊர் ஆட்டங்களே போதும். அவற்றில் பலவற்றுக்கு இம்மண்ணிலேயே உடன்பிறப்புகள் இருக்கின்றன. நம்முடைய கிளித்தட்டு இங்கே ‘ஆட்யா பாட்யா’. கோடு கிழிக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு தவிர ஒரு பொருளும் வேண்டாத ஆட்டம். ஒருவரும் சும்மா நிற்க முடியாத ஆட்டம். நம் நொண்டி இங்கே ‘லங்கடி’. கிட்டிப்புள் ‘விட்டி தாண்டு’. சடுகுடு ‘ஹுதுது’. மராத்தியக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒரே ஆட்டத்தை இரண்டு பெயரால் அறிந்திருப்பது, முதல் நாள் நட்புக்கு எவ்வளவு நல்ல வாயில்! புதிதாக மாற்றலாகி வந்து, இந்தியும் மராத்தியும் அறியாமல் வகுப்பில் வாய் மூடி அமர்ந்திருக்கும் நம் குழந்தை, கிளித்தட்டுக் கோட்டில் நின்றால் மொழி இல்லாமலேயே நண்பரைத் தேடிக்கொள்கிறது.

உடற்பயிற்சிக் கல்வியில் நம் பகுதிகள் இரண்டுக்கும் பழம்பெருமை உண்டு என்பதையும் ஒருவாறு குறிப்பிட்டுச் செல்கிறேன். சென்னையில் 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கப் பெருமகனார் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். படைப்பயிற்சி போன்ற டிரில்லை மட்டும் அறிந்திருந்த பள்ளிகளுக்கு, விளையாட்டுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களை அக்கல்லூரி உருவாக்கியது. இங்கோ, நமக்கு அருகேயுள்ள அமராவதியில், 1914ஆம் ஆண்டிலேயே ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலி தோன்றிவிட்டது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கு நடந்தபொழுது அங்குச் சென்று நம் நாட்டு ஆட்டங்களைச் செய்துகாட்டியவர்கள் அம்மண்டலியினர். அத்தகைய பெருமைகளுக்கு இடையில் வாழ்ந்துகொண்டு, நம் பிள்ளைகளைத் தண்ணீர்ப் புட்டிக்குக் காவல் வைத்திருக்கிறோம்.

இனி ஆசிரியர்களைப்பற்றி ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் வகுப்புகளுக்கு விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அது கூறுவது ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு. அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரையில் அத்தகைய ஏற்பாடு அச்சட்டத்தில் இல்லை. ஆகவே பல பள்ளிகளில் மொழியும் கணக்கும் கற்பிக்கும் வகுப்பாசிரியையே விளையாட்டையும் பார்த்துக்கொள்கிறார். நாற்பது நோட்டுப் புத்தகங்களைத் திருத்தி ஓய்ந்த அந்த அம்மையார், ஒரு பந்தைக் கொடுத்துவிட்டு நிழலில் நின்றால் அவரை நோவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தேசியக் கல்விக்கொள்கை 2020இல் வந்தது. அதனையொட்டி 2023இல் வந்த பள்ளிக் கல்விக்கான பாடத்திட்டச் சட்டகம், உடற்கல்வியை ஏனைய பாடங்களோடு ஒக்க வைத்துப் பேசுகிறது. ஏட்டில் இடம் கிடைத்துவிட்டது. மைதானத்தில் இடம் கிடைக்கச் செய்வது ஆசிரியையோடு நாமும் தோள் கொடுத்தால்தான் முடியும்.

உடற்தகுதிச் சோதனையைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசாங்கத்தின் கேலோ இந்தியாத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளில் ஒரு சோதனை வைக்கிறார்கள். எட்டு வயது வரையிலுள்ள குழந்தைகளுக்கு உயரமும் எடையும் பார்த்தல், நாரையைப் போல் ஒற்றைக்காலில் நிற்றல், இரண்டு தட்டுகளை மாறி மாறிக் கையால் விரைந்து தொடுதல் ஆகியவை. ஒன்பது வயதிலிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, அமர்ந்து முன்னால் எட்டித் தொடுதல் முதலியவை சேர்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே 600 மீட்டர் ஓடச் சொல்வது கூடாது. இரண்டு மாதம் அடைபட்டிருந்த உடல் வெப்பத்துக்கும் உழைப்புக்கும் மீண்டும் பழக ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும். அதற்குள் ஓட வைத்தால் சிலர் வாந்தி எடுப்பார்கள், சிலர் மயங்குவார்கள். ஓட்டம் என்றாலே அவர்களுக்கு அந்த நினைவே வரும். மேலும், எடையை வகுப்பின் நடுவே உரக்கப் படிக்கலாகாது. இது மிகச் சிறிய செய்தி போல் தோன்றும். பருத்த பையனுக்கு அது சிறிய செய்தி அன்று. அன்றுமுதல் அவனுக்குப் பட்டப்பெயர் அதுவாகிவிடுகிறது. சென்ற முறை ஒற்றைக்காலில் பத்து எண்ணும் வரை நின்ற குழந்தை இம்முறை இருபது வரை நின்றால், அதனை அதற்கு மட்டும் காட்டினால் போதும். பக்கத்துக் குழந்தை ஐம்பது வரை நின்றது என்பது அதற்கு எதற்கு?

இன்னொரு வழக்கம் உண்டு. வீட்டுப்பாடம் எழுதாதவனை, பேசியவனை, ‘மைதானத்தை மூன்று சுற்று ஓடிவா’ என்று தண்டிப்பது. திங்கட்கிழமை தண்டனையாகக் கொடுக்கப்பட்ட ஓட்டம், புதன்கிழமை எப்படி இன்பமாகும்? வாய்ப்பாடு தெரியாதவனை இனிப்புத் தின்னச் சொல்லித் தண்டிப்பதில்லையே.

பெண் குழந்தைகளைப்பற்றி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நான்காம் வகுப்பு வந்ததும் நம் பெண்கள் மைதானத்திலிருந்து மெல்ல மெல்ல ஓரத்துக்கு வருகிறார்கள். பள்ளியில் யாரும் தடுப்பதில்லை, தடுப்பது வீடு. ‘வெயிலில் நின்றால் கறுத்துவிடுவாள்’ என்கிறோம். விளையாட்டு நேரத்திலிருந்து விலக்கு அளிக்குமாறு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறோம். ஒன்பது வயதுப் பெண்ணின் நிறத்தைக் காப்பதற்காக அவளுடைய எலும்பின் வலிமையை விலையாகக் கொடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையிலுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்றும், தசைக்கும் எலும்புக்கும் வலிவூட்டும் அசைவுகள் வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டும் என்றும் சொல்கிறது. அதில் ஆண் பிள்ளைக்கு ஒரு கணக்கு, பெண் பிள்ளைக்கு ஒரு கணக்கு என்று இல்லை. மூச்சிரைப்பு நோயுள்ள குழந்தை இருந்தால், விலக்குக் கடிதம் எழுதுமுன் மருத்துவரைக் கேளுங்கள். உரிய மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடலாம் என்றே பல குழந்தைகளுக்குச் சொல்வார்கள்.

மழை நாளுக்கு என்ன செய்வது? மைதானம் சேறாகும் என்பது சூனிலேயே தெரிந்த செய்தி. ஆகவே முதல் பத்து வகுப்புகளில் நான்கைந்தாவது தாழ்வாரத்திற்கு ஏற்றபடி முன்கூட்டியே வகுக்கப்பெற வேண்டும். நாரை நிலை, கயிறு தாண்டுதல், காகிதப் பந்தைக் கூடையில் எறிதல், இருவர் இருவராக எதிரெதிர் நின்று ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடி போல் செய்தல், இவற்றுக்கு வாளி நிறைய இடம் போதும் என்பார்கள் எங்கள் ஊரில். மழையைக் காரணம் காட்டிக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்க வேண்டியதில்லை.

பெற்றோர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்கிறேன். கேன்வாஸ் காலணி வாங்கும்போது ‘வளரும் பிள்ளை’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். போன ஆண்டுக் காலணியில் விரலை மடக்கித் திணிக்கவும் வைக்காதீர்கள். நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். காலணி கடிக்கிறது என்பதற்காகவே சுவரோரம் அமரும் குழந்தைகள் உண்டு. விளையாட்டு வகுப்பு எந்த நாள் என்று தெரிந்துகொண்டு, அன்று காலைப் பலகாரத்தை ஒழுங்காகச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். மாலையில் ‘இன்று டெஸ்டில் எத்தனை மார்க்கு?’ என்று கேட்ட பின்னராவது, ‘பி.டி. வகுப்பில் என்ன ஆடினாய்? யாரோடு ஆடினாய்?’ என்று கேளுங்கள். ‘ஒன்றும் ஆடவில்லை’ என்ற விடை மூன்று வாரம் தொடர்ந்து வந்தால், பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம் பணிவாக விசாரியுங்கள். சண்டைக்குப் போக வேண்டா. இருபது துணிப்பந்துகளைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி, நம் சங்கத்தைப் பொறுத்த ஒரு செய்தி. தலைவர் அவர்கள் அனுமதிப்பார்கள் என்று நம்புகிறேன். நம் மண்டபத்தின் பின்புறமுள்ள வெற்று மனையில் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்து, வாகனங்கள் நிறுத்தவும் திருமணப் பந்தலுக்கு வாடகைக்கு விடவும் ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு யோசனை பொதுக்குழுவின் முன் வரவிருக்கிறது. சங்கத்துக்கு வருமானம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, நானும் கணக்கெழுதுகிறவன்தான். மின்கட்டணம் கட்ட நாம் படும் பாட்டை அறிவேன். ஆயினும் சனிக்கிழமை தோறும் நம் குழந்தைகள் விழுந்து எழும் இடம் அதுவே. சிமெண்டுத் தரையில் விழுந்தால் முழங்கால் தோல் உரியும். தாய்மார்கள் மறுவாரம் அனுப்பமாட்டார்கள். முதல் ஐந்து வாரங்களுக்குள் பள்ளி கொடுக்கத் தவறியதை ஈடுசெய்யக்கூடிய இடம் நமக்கு வேறு இல்லை. காலனித் தெருக்கள் மகிழுந்துகளால் நிறைந்துவிட்டன.

ஆதலால் நான் கேட்பது முழு மனையையும் அன்று, பாதியை. வாயிற்பக்கத்துப் பாதியில் கல் பதியுங்கள், வாடகை வரட்டும். பின்பாதியில் இங்கே ‘முரம்’ என்று சொல்லும் சரளை மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, நீர் வடிய ஒரு பக்கம் சாய்த்துவிட்டால், மழை நின்ற மறுநாளே குழந்தைகள் கால் வைக்கலாம். மண்ணைப் பரப்பும் வேலைக்குக் கூலியாள் வேண்டா. இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு மண்வெட்டி பிடிக்க எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் முன்வந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

மண்டபத்து வாயிலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். வீட்டிலுள்ள பழைய காலுறைகளைத் துவைத்து அதில் இட்டுவிடுங்கள்; ஒற்றைக் காலுறையானாலும் சரி. பந்து தைக்க நம் மாதர் பகுதியினர் இசைந்திருக்கிறார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை, ஆண் பெண் பேதமின்றி, தண்ணீர்ப் புட்டியோடு அனுப்பி வையுங்கள். புட்டிகளைப் பார்த்துக்கொள்ள நானே சுவரோரம் நிற்கிறேன்.